முதுமையில் இருமுனைக் கோளாறு: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

அறுபதைக் கடந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, மாமியாருக்கோ, தனியாக இருக்கும் அத்தைக்கோ ‘பைபோலார்’, அதாவது இருமுனைக் கோளாறு, என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்துச் சீட்டுடன் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு இந்த நோய் 38 வயதில் வந்தது. இப்போது அவருக்கு 74. கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இருந்தவரை மருத்துவர், மாத்திரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு மாத்திரைப் பெட்டி என் கைக்கு வந்தது. பதினோரு வருடங்கள் ஆகின்றன. நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. ஆனால் மாதத்துக்குப் பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவரிடம், மீதி நாளெல்லாம் வீட்டில் என்ன நடக்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த வருடங்களில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வயதானவரின் மனநல மாத்திரையைத் தனியாகவும், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி மாத்திரைகளைத் தனியாகவும் பார்க்கவே கூடாது. எல்லாம் ஒரே உடம்புக்குள்தான் போகின்றன. கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வரும்.

1. நோயின் இரண்டு முகங்களையும் அடையாளம் காணுங்கள்

இருமுனைக் கோளாறில் மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போகும். ஒன்று எழுச்சி நிலை. மருத்துவர்கள் மேனியா என்பார்கள். தூக்கம் குறையும், ஆனால் களைப்பு இருக்காது. பேச்சு நிற்காது. ஒன்று முடியும் முன் பத்து வேலைகள் தொடங்கும். பணம் கையில் தங்காது. ‘என்னால் எல்லாம் முடியும்’ என்ற நினைப்பு வரும். இப்படி ஒரு வாரமாவது நீடித்தால், அல்லது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனால், அது மேனியா. இன்னொரு எல்லை மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடப்பது.

முதியவர்களிடம் இது கொஞ்சம் வேறு உருவத்தில் வரும். இளையவர்களிடம் தெரியும் குதூகலத்தைவிட எரிச்சலும் சந்தேகமும் முன்னால் நிற்கும். ‘என் நகையை எடுத்துவிட்டாய்’, ‘மருமகள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள்’ என்று தொடங்கும். வீட்டில் உள்ளவர்கள் அதை மாமியார் மருமகள் சண்டை என்று எடுத்துக்கொள்வார்கள். மனச்சோர்வோ உடல்வலியாக வரும். நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், கால் குடைச்சல், மறதி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ‘மனசு சரியில்லை’ என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வராது.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர் என்பது இத்துறை வல்லுநர்களின் கணிப்பு. பெரும்பாலோர் என் அம்மாவைப்போல நோயுடனேயே முதுமைக்கு வந்தவர்கள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாக வருகிறது. உங்கள் வீட்டில் இருப்பவர் இதில் எந்த வகை என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அடுத்த படி அதைப் பொறுத்தது.

2. முதன்முறை என்றால், உடலைச் சோதிக்காமல் மனநோய் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்

வாழ்நாள் முழுவதும் சாதாரணமாக இருந்த ஒருவர் 68 வயதில் திடீரென்று ராத்திரியெல்லாம் விழித்துப் பேசிக்கொண்டிருந்தால், முதல் சந்தேகம் உடலின் மேல் விழ வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். நடுக்குவாத நோய்க்குத் தரும் லெவோடோபா, மனச்சோர்வுக்குப் புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் அப்படிச் செய்வதுண்டு. அளவுக்கு மேல் வேலை செய்யும் தைராய்டு, மூளையில் வந்துபோன சிறு பக்கவாதம், மூளைக்கட்டி ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் பி12, சிறுநீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாக மாறி, காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும், இது எந்த வீடு என்றே தெரியாமலும் இருந்தால், அது பெரும்பாலும் மேனியா அல்ல. உடல்நோயால் வரும் திடீர் மனக்குழப்பம். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ காய்ச்சலே இல்லாமல் இப்படி வெளிப்படுவது உண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. மாறாக, மாதக்கணக்கில் மெதுவாகக் குணம் மாறி, கூச்சம் போய், பிறர்மேல் பரிவு குறைந்து, நடுவில் ஒருமுறைகூடப் பழைய நிலைக்குத் திரும்பாமல் போனால், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோயாக இருக்கலாம். இருமுனைக் கோளாறு வரும், போகும், நடுவில் மனிதரைத் திருப்பிக் கொடுக்கும். இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சொல்லக்கூடியவர் கூடவே இருப்பவர்தான்.

3. எங்கே போவது, எதை எடுத்துப்போவது

தமிழ்நாட்டில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், எத்தனையோ குடும்பங்களுக்கு மாத்திரை அங்கிருந்துதான் போகிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் டெலிமானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள்; 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண் 1926.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சீட்டு மட்டும் போதாது, அட்டைகளே வேண்டும். கண் சொட்டு மருந்து, சித்த மருந்து லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் ‘எனக்குக் கேட்டது’ என்று கொடுத்த வலி மாத்திரை எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, முன்பு எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியின் முன்னால் சொல்லத் தயக்கமான விஷயங்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டிவிடலாம். எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றி ‘இவர் இப்படியெல்லாம் செய்கிறார்’ என்று நான் அடுக்கிய முதல் நாளில், அவர் என் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அப்படிச் செய்ததில்லை.

4. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் நான்கே விவரங்கள்: எத்தனை மணி நேரத் தூக்கம், மனநிலை எப்படி, மாத்திரை எடுத்துக்கொண்டாரா, புதிதாக ஏதாவது நடந்ததா. செல்போன் செயலிகள் இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் அண்ணன் வந்தாலும் பக்கத்து வீட்டு அக்கா வந்தாலும் எடுத்துப் படிக்க முடிவது நோட்டைத்தான்.

நான்கில் முக்கியமானது தூக்கம். ஏன் என்று சொல்கிறேன். ஏழு வருடங்களுக்கு முந்தைய மார்கழி. அதிகாலையில் வாசல் விளக்கு எரிவதைப் பார்த்து எழுந்துபோனேன். அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் தொடங்கி, தெருவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு வாசல்வரை போய்விட்ட கோலம். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. மார்கழி என்பதால் தெருவில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பெருமையாகப் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பிறகுதான் படத்தில் இருந்த நேரத்தைக் கவனித்தேன்: 2.40. முதல் நாள் இரவு அவர் படுத்தது பதினொன்றரைக்கு. அடுத்த வாரமே பென்ஷன் பணத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாயை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் கோயில் திருப்பணி என்று சொன்னதும் கொடுத்துவிட்டிருந்தார்.

வயதானால் தூக்கம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கமில்லாத முதியவர் பகலில் சோர்ந்து சாய்வார். மேனியா தொடங்கும் முதியவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, குளித்துப் பளிச்சென்று உட்கார்ந்திருப்பார். இரண்டு இரவுகள் தொடர்ந்து அப்படி இருந்தால் நான் மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் மருந்தைச் சற்று மாற்றினாலே போதும். இரண்டு வாரம் விட்டால் மருத்துவமனைதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அம்மா தன் கையாலேயே அந்த நோட்டில் ஒரு வரி எழுதுவார். எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுச்சி நாட்களில் எழுத்து பெரிதாகிக் கோட்டைத் தாண்டும். சோர்வில் எறும்பு ஊர்வதுபோலச் சிறுத்துவிடும். கை நடுக்கம் கூடினால் ‘ழ’வின் வளைவு உடைந்துவிடும்.

5. லித்தியம் கொடுக்கப்பட்டிருந்தால், இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

லித்தியம் ஓர் உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதை மேனியாவுக்குப் பயன்படுத்திப் பார்த்து எழுதினார். இன்றும் இதற்கு இணையாக நோய் திரும்பாமல் காக்கும் மருந்துகள் சிலவே; தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்குத் தனி இடம் உண்டு. 60 வயதைக் கடந்தவர்களின் மேனியாவில் லித்தியத்தையும் வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்தையும் ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இரண்டையும் முதியவர்கள் தாங்கிக்கொண்டார்கள். மேனியாவைக் குறைப்பதில் லித்தியம் ஒரு படி முன்னால் நின்றது. ஆகவே ‘வயதாகிவிட்டது, லித்தியம் கூடாது’ என்று யாராவது சொன்னதைக் கேட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. லித்தியம் வெளியேற ஒரே வழி சிறுநீரகம். வயதாக ஆகச் சிறுநீரகத்தின் வேகம் குறைகிறது. நாற்பது வயதில் சரியாக இருந்த அதே மாத்திரை எழுபதில் அதிகமாகிவிடுகிறது. 60 முதல் 79 வயதுவரை ரத்தத்தில் லித்தியத்தின் அளவை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 0.4 முதல் 0.8 வரையும், 80க்கு மேல் 0.7க்குள்ளும் வைத்துக்கொள்வது நல்லது என்பது வல்லுநர்கள் பலரின் பரிந்துரை. உங்கள் ஆய்வக அறிக்கையில் 1.2 வரை ‘சரி’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது எல்லா வயதினருக்கும் பொதுவாகப் போட்டது. அதைப் பார்த்து நிம்மதி அடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு. காலை மாத்திரையும் இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். முதியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கால்சியம் ஆகியவையும் பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றினாலோ, வேறு மருந்து புதிதாகச் சேர்ந்தாலோ ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இனி, லித்தியத்தை ஏற்றிவிடும் காரணங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலாபிரில், ராமிப்ரில். அவற்றோடு சேர்ந்தே வரும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை. வலிக்கு டைக்ளோபீனாக், அசிக்ளோபீனாக், இபுபுரூஃபன். இவற்றில் ஒன்றும் அபூர்வமான மருந்து இல்லை, எந்த முதியவரின் பெட்டியிலும் இருப்பவைதான். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கத்திரி வெயில், தண்ணீர்கூடக் குடிக்காத ஏகாதசி விரதம், திடீரென்று உப்பில்லாப் பத்தியம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். உடலில் உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. லித்தியத்தையும் உப்பென்றே எண்ணிச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. விஷயம் இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று வேறொரு மருத்துவர் மார்ச் மாதம் மாத்திரையை மாற்றினார். லித்தியம் சாப்பிடுவதை நான் அவரிடம் சொல்லவில்லை. அது ‘மனசுக்கான மாத்திரை’, இவருக்கு எதற்கு என்று நினைத்தேன். மே மாதம் முழங்கால் வலி. மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாளுக்கு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. அடுத்த நாள் காலை காப்பித் தம்ளரை அம்மா இரண்டு கைகளாலும் பிடித்தும் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. காப்பி டபராவில் தெறித்து, புடவை மடியில் வழிந்தது. லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருப்பது உண்டு, அம்மாவுக்கும் இருந்தது. இது அதுவல்ல. மணிக்கட்டிலிருந்து கையே உதறியது. நடக்கும்போது சுவரைத் தேடினார். நாக்கு குழறியது. நானோ வெயில், வயது என்று இரண்டு நாட்களைக் கடத்திவிட்டேன். மருத்துவமனையில் பார்த்தபோது அளவு 1.9. ஆறு நாட்கள் சலைன் ஏற்றி, மணிக்கு மணி சிறுநீர் அளந்து மீட்டார்கள். ‘வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?’ என்று பணி மருத்துவர் கேட்டபோது என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அவமானத்திலிருந்துதான் நோட்டின் முதல் பக்கம் பிறந்தது. எல்லா மருந்துகளின் பெயரும், அளவும், யார் எழுதிக் கொடுத்தது என்பதும் அதில் இருக்கும். பல் மருத்துவரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

ஆகவே மனத்தில் வையுங்கள்: உதறும் அளவுக்கு நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தி, பேதி, குழப்பம், அளவுக்கு மீறிய மயக்கம். இவற்றைக் கண்டால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வண்டி இல்லையென்றால் 108. சாதாரண வலிக்கு மருத்துவரிடம் கேட்டுப் பாராசிட்டமால் வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தத்துக்கு லித்தியத்தோடு ஒத்துப்போகும் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. உப்பைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ‘எஸ்.ஆர்.’ (மெதுவாகக் கரையும் வகை) என்று போட்ட மாத்திரையைப் பொடி செய்து கொடுக்காதீர்கள்.

6. மற்ற மருந்துகள்

வால்ப்ரோயேட் கொடுத்திருந்தால் கல்லீரல் பரிசோதனையும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் அவ்வப்போது பார்ப்பார்கள். உடலில் காரணமில்லாமல் கன்றிய தடம் தெரிந்தால் சொல்லுங்கள். கார்பமாசெபைன் சோடியத்தைக் குறைத்துவிடும். லமோட்ரிஜின் மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒலான்சபைன் சர்க்கரையையும் எடையையும் ஏற்றும். மறதிநோயும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஒலான்சபைன் வகை மருந்துகளால் உயிராபத்து சற்றுக் கூடுகிறது என்பதால், அப்படி இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலர் மேனியாவுக்குத் தாவிவிடுவார்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது இருமுனைக் கோளாறு என்று சொல்ல மறக்காதீர்கள்.

குவெட்டியபைன் போன்றவை எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். இரவில் கழிப்பறைக்கு எழும்போதுதான் பெரும்பாலும் விழுகிறார்கள். லித்தியம் சிறுநீரையும் கூட்டும் என்பதால் எழுவதும் அடிக்கடி. கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும் என்று பழக்குங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு போடுங்கள், மிதியடித் துண்டுகளை எடுத்துவிடுங்கள். இடுப்பெலும்பு உடைந்தால் அதன் பிறகு மனநிலையையும் நிலைநிறுத்துவது பெரும்பாடு.

மின் அதிர்வுச் சிகிச்சை என்ற பேச்சு வந்தால் திரைப்படக் காட்சிகளை நினைத்து நடுங்க வேண்டாம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே செய்ய வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். சாப்பாட்டை அறவே நிறுத்திவிட்ட, மருந்து கேட்காத கடுமையான மனச்சோர்வில் முதியவர்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது. சில நாட்களின் நினைவு மங்கலாம்.

7. எழுச்சி நாட்களில்

வாதம் செய்யாதீர்கள். ‘நீ சொல்வது தப்பு’ என்று நிரூபிக்க முயன்றால் குரல்தான் உயரும். வீட்டில் ஆட்களைக் குறையுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், மாலையில் விளக்குகளை மங்கலாக்குங்கள். காப்பியைக் காலையோடு நிறுத்துங்கள். நடந்துகொண்டே சாப்பிட இட்லி, வாழைப்பழம், தண்ணீர்ப் பாட்டில் என்று கையில் கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிட அவர்களால் முடியாது, நீர்ச்சத்து குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே படித்துவிட்டீர்கள்.

பண விஷயத்தை நல்ல நாட்களிலேயே பேசி முடித்துவிடுங்கள். பென்ஷன் கணக்கில் பெரும்பகுதியை வைப்புநிதியாக்கி, ஏ.டி.எம். அட்டையின் தினசரி உச்சவரம்பைக் குறைத்து, எங்கள் இருவர் கைபேசிக்கும் குறுஞ்செய்தி வரும்படி செய்தோம். இதை அம்மாவிடம் கேட்டுத்தான் செய்தோம். அட்டையைப் பிடுங்கி ஒளித்துவைத்திருந்தால் அவர் என்னை மன்னித்திருக்க மாட்டார். பல வருடங்கள் தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்கிய பெண் அவர்.

8. சோர்வு நாட்களில்

முதுமையில் இந்த நோயின் பெரும்பகுதி சோர்வாகவே கழிகிறது. சத்தமில்லாமல் கிடப்பதால் வீட்டாருக்குத் தொந்தரவு இல்லை, அதனால் யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதும் இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். ‘நான் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’, ‘அவர் போன இடத்துக்கே நானும் போய்விடுகிறேன்’ என்ற சொற்களைக் கிழவிகளின் வழக்கமான புலம்பல் என்று தள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: ‘அம்மா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்றுகூட யோசித்தாயா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டபோது என் அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலையணைக்கடியிலிருந்து மாத்திரை அட்டைகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள், 14416க்கும் பேசலாம். ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், மீதி பூட்டிய அலமாரியில். கிராமத்து வீடென்றால் பூச்சிமருந்து டப்பா வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

சிறு வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, பேரனுக்கு ஒரு வெண்பாவைச் சொல்லிக் கொடுப்பது. காலை வெயிலில் கால் மணி நேரம் திண்ணையில் உட்கார வைப்பது. எழும் நேரமும் படுக்கும் நேரமும் தினமும் ஒன்றாக இருப்பது மனநிலையை நிலையாக வைத்திருக்க உதவுகிறது. கல்யாண வீட்டில் இரவுத் தங்கலும் ராத்திரி பஸ் பயணமும் அதைக் கலைத்துவிடும் என்பதால், நாங்கள் இப்போது பகல் ரயிலில்தான் போகிறோம்.

9. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

உடல் நோய்களுக்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரே ஆள்மேல் போடாதீர்கள். சென்னையில் இருக்கும் என் அண்ணன் வருடத்தில் இரண்டு முறை பத்து நாட்கள் வந்து தங்குவது எனக்காக மட்டும் அல்ல. நோட்டில் நான் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்டதை அவர்தான் கவனிப்பார்.

10. நல்ல நாள் ஒன்றில், அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள்

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவர் தெளிவாக இருக்கும்போதே தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டி எழுதித் தரவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் எப்படி எழுதி, யாரிடம் பதிவு செய்வது என்று சொல்வார். சட்டப்படியான தாள் பிறகு இருக்கட்டும். முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

நாங்கள் பேசியது ஒரு சனிக்கிழமை பிற்பகல். நான் பேனாவை எடுத்தேன். அம்மா அதை வாங்கிக்கொண்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதினார்: ‘என்னைக் கட்டிப்போட வேண்டாம். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டாம், அது இல்லாமல் எனக்குப் பயமாக இருக்கும். ஊசி போடும் முன் என்ன ஊசி என்று சொல்லிவிட்டுப் போடவும். மகளைக் கூப்பிடவும். என் காப்பியில் சர்க்கரை வேண்டாம்.’ கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். எல்லா ‘ழ’வும் முழுதாக இருந்தன.